கல்யாண வீட்டுப் பாட்டும் கம்பெனித் தட்டும்

(மட்டாஞ்சேரியில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



இந்த மேடையில் வழக்கமாக நாம் பேசுவது ரேஷன் கார்டு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கூலி பாக்கி. இன்றைக்குப் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நம் செயலாளரிடம் சொன்னேன். "அண்ணே, பாட்டுக்கும் நம்ம பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் 1958-இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர். பஜார் ரோட்டுக் குடோன்களில் மிளகு மூட்டை, சுக்கு மூட்டை சுமந்தார். பிறகு கைவண்டி தள்ளினார். பழைய பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறும்போது அவர் ஓர் அடி எடுத்துப் பாடுவார். பின்னால் தள்ளுகிற நாலு பேரும் பதில் அடி பாடுவார்கள். வண்டி ஏறிவிடும். அந்தப் பாட்டில் எங்கள் ஊர்க் கண்மாய் வரும், மாரியம்மன் வருவாள், கூலியைப் பிடித்துக்கொண்ட மேஸ்திரியும் வருவான். அவனை அப்பா திட்டும் திட்டு, அவன் காதிலேயே விழும். ஆனால் பாட்டாக விழுவதால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. சென்ற மாதம் என் பேத்தி, பள்ளிக்கூடத்தில் ஏதோ எழுதி வரச் சொன்னார்கள் என்று வந்து, "தாத்தா, உங்க அப்பா பாடுவாருன்னு சொன்னீங்களே, அதைப் பாடுங்க" என்றாள். வாயைத் திறந்தேன். இரண்டு அடிக்கு மேல் எனக்கு வரவில்லை. ஆனால் அதே காலத்து மலையாள சினிமாப் பாட்டு ஒன்றை முழுவதும் பாடிக் காட்டினேன். அதைப் பாடியவர் மெஹபூப். என் அப்பாவின் குரல் என் வீட்டில் இல்லை. மெஹபூப் பாயின் குரல் இருக்கிறது. ஏன் அப்படி? ஒரு குரல் தங்கியதற்கும் இன்னொரு குரல் காற்றோடு போனதற்கும் யார் காரணம்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் கொண்டு வந்திருக்கிறேன்.

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு மெஹபூப் யார் என்று தெரியாமல் இருக்கலாம். இந்த ஊர்க்காரர். 1926-இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர். பட்டாளம் என்று சொல்கிறோமே, அந்தப் பகுதி. பட்டாளம் என்றால் என்னவென்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தக்காணத்துப் பக்கமிருந்து படைகளோடு வந்து இங்கே தங்கிப்போன, உருது பேசுகிற முஸ்லிம் குடும்பங்களை இங்கே தக்கணிகள் என்பார்கள். அந்த வழியில் வந்தவர் அவர். அதாவது, தோழர்களே, அவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளை. வீட்டில் ஒரு பாஷை, தெருவில் இன்னொரு பாஷை. நம் பிள்ளைகள் இன்று வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறார்களே, அதே மாதிரி.

அவர் பிறந்து இரண்டு வருஷம் ஆனபோது, 1928 மே 26-ஆம் தேதி, 'பத்மா' என்ற கப்பல் கொச்சியின் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன் பெரிய கப்பல்கள் வெளியே கடலில்தான் நிற்கும். முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி வழி உண்டாக்கினார்கள். இன்ஜினியர் ராபர்ட் பிரிஸ்டோவின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அள்ளிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவை உண்டாக்கினார்கள். அந்த மண்ணிலும் தண்ணீரிலும் நின்று வேலை செய்த கூலிகளின் பெயர்களைப் புத்தகத்தில் தேட வேண்டாம், கிடைக்காது.

கப்பல் வந்தது. சரக்கு வந்தது. சுமக்க ஆள் வேண்டும். அதற்கு 'சாப்பா' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். காலையில் நூற்றுக்கணக்கான பேர் கூடி நிற்பார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். பாய்ந்து, ஒருவன் மேல் ஒருவன் விழுந்து, யார் கையில் வில்லை கிடைக்கிறதோ அவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த முறையை எதிர்த்துப் போராடியபோதுதான் 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி இதே மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளிகள் உயிர் விட்டார்கள். அதற்குப் பிறகும் சில வருஷம் சாப்பா ஒழியவில்லை. என் தகப்பனாரும் அந்த வில்லைக்காகப் பாய்ந்தவர்தான். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் கடைசிவரை நேராகவில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் மெஹபூப் பாடினார். எங்கே பாடினார்? சபாக்களிலா? இல்லை. கல்யாண வீடுகளில் பாடினார். மட்டாஞ்சேரியில் கல்யாணம் என்றால் முதல் நாள் இரவே பாட்டு தொடங்கிவிடும். ஆர்மோனியம், தபலா, நடுவில் ஒரு பாய், சுற்றிலும் சுமட்டுத் தொழிலாளி, மீன்காரர், கடைக்காரர். இந்திப் பாட்டு வரும், கஜல் வரும், மாப்பிளைப் பாட்டு வரும். குஜராத்தி சேட்டு வீட்டுக் கணக்கனும் கொங்கணிக் கடைக்காரரும் அந்தப் பந்தலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். இந்த ஊரின் எத்தனையோ பாஷைகள் ஒரே இடத்தில் கூடுவது அந்தப் பந்தலில்தான். அங்கே உருவான குரல் அது. யாரும் சங்கீத வித்வான் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. ஜனங்கள் வைத்த பெயர் 'மெஹபூப் பாய்'. பாய் என்றால் அண்ணன், தம்பி. அதைவிடப் பெரிய பட்டம் வேறென்ன வேண்டும்?

1951-இல் 'ஜீவித நௌக' என்ற மலையாளப் படம் வந்தது. அன்றைய வழக்கப்படி அந்தப் படத்தின் பாட்டுகள் பலவும் இந்தி மெட்டில் அமைந்தவை. முகம்மது ரஃபி பாடிப் புகழ் பெற்ற ஒரு பாட்டின் மெட்டில் மலையாளச் சொற்களை வைத்து மெஹபூபைப் பாட வைத்தார்கள். கல்யாண வீட்டில் ரஃபியைப் பாடி ஊரைக் கட்டிப் போட்டவருக்கு அது கைவந்த வேலை. சினிமாவுக்குள் அவர் நுழைந்தது அப்படித்தான்.

1954-இல் 'நீலக்குயில்' வந்தது. பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கிய படம். தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்தியை ஒரு பள்ளி ஆசிரியர் காதலித்துக் கைவிடும் கதை. பாட்டெழுதியவரும் பாஸ்கரன்தான். இசையமைத்த கே. ராகவன் ஒரு பெரிய காரியம் செய்தார். இந்தி மெட்டை ஒதுக்கிவிட்டு, மலையாள மண்ணில் உழைக்கிற ஜனங்கள் பாடுகிற மெட்டுகளை எடுத்தார். அந்தப் படத்தில் மெஹபூப் பாடிய பாட்டு தேநீர்க் கடை தோறும் ஒலித்தது. யோசித்துப் பாருங்கள். உருது பேசும் வீட்டில் பிறந்த ஒருவர், மலையாளிகள் எங்கள் மண்ணின் பாட்டு என்று மார் தட்டுகிற பாட்டைப் பாடியிருக்கிறார். 'வந்தேறி' என்று நம்மைப் பார்த்து எவனாவது சொன்னால், தம்பிகளே, அவனுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

இதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில்தான் தயாரானது. மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' 1961-இல் வந்தது. அதையும் எடுத்தவர் அதே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்தான். கண்டம் பெச்ச கோட்டு என்றால் ஒட்டுப் போட்ட கோட்டு. செருப்புத் தைக்கும் ஒரு கிழவர், ஹஜ்ஜுக்குப் போகக் காசு காசாகச் சேர்த்து, ஒட்டுப் போட்ட பழைய கோட்டுக்குள் வைத்திருக்கிறார். அந்தக் கோட்டைப் பற்றிய பாட்டை, எம்.எஸ். பாபுராஜின் இசையில், மெஹபூப் பாடினார். 1963-இல் 'டாக்டர்' படத்தில் தேவராஜனின் இசையில் புகைவண்டியைப் பற்றிப் பாடினார். ரயில் ஏறிப் பிழைக்க வந்த நம்மில் யாருக்குத்தான் அந்தப் பாட்டு பிடிக்காமல் போகும்? என் தகப்பனார் மலையாளம் சரியாகப் பேசமாட்டார். ஆனால் அந்தப் பாட்டை மட்டும் தப்பில்லாமல் பாடுவார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. இதே ஃபோர்ட் கொச்சியில் 1940-இல் பிறந்த யேசுதாஸ் 1961-இல் தன் முதல் சினிமாப் பாட்டைப் பாடினார். சங்கீதம் முறையாகக் கற்ற குரல். சினிமாவுக்கு அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. யேசுதாஸும் கஷ்டப்பட்டு மேலே வந்தவர்தான். மெஹபூபுக்கு வாய்ப்புகள் குறைந்தன. வந்தவையும் பெரும்பாலும் சிரிப்புப் பாட்டுகள். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பணத்தைக் கணக்குப் பார்த்து வாங்கத் தெரியாதவர் என்றும், கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய்ப் பாடினார் என்றும் கொச்சியில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1981-இல் காலமானார்.

இப்போது கேட்கிறேன். அவர் எத்தனை கல்யாண வீடுகளில் பாடியிருப்பார்? எத்தனை இரவுகள்? அந்த இரவுகளில் அவர் பாடியவற்றில் பெரும்பகுதி இன்றைக்கு எங்கே? போய்விட்டது. மிஞ்சியது சினிமாக் கம்பெனியும் இசைத்தட்டுக் கம்பெனியும் 'இது விற்கும்' என்று நினைத்துப் பதிவு செய்த மூன்று நிமிஷப் பாட்டுகள், சில பத்து. ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் பாடியதில் எது தங்க வேண்டும் என்பதை அந்த மனிதனும் முடிவு செய்யவில்லை, கேட்ட ஜனங்களும் முடிவு செய்யவில்லை. விற்பனைக் கணக்கு முடிவு செய்தது.

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். கொஞ்ச நேரம் என்னோடு அமெரிக்காவுக்கு வாருங்கள். டிக்கெட் செலவு இல்லை.

'பத்மா' கப்பல் கொச்சிக்குள் நுழைந்த அதே 1928-ஆம் வருஷம், அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில், அவலான் என்ற சின்ன ஊரில் ஜான் ஹர்ட் என்று ஒரு கறுப்புத் தொழிலாளி இருந்தார். அடிமைமுறை சட்டப்படி 1865-இல் ஒழிந்தாலும், கறுப்பு ஜனங்கள் வெள்ளைக்காரன் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு, கடனிலேயே பிறந்து கடனிலேயே சாகும் நிலைமை அங்கே இருந்தது. அந்த ஜனங்களின் பாட்டுக்குப் பெயர் புளூஸ். ஓர் அடியைப் பாடுவார்கள், அதையே மறுபடி பாடுவார்கள், மூன்றாவது அடியில் அதற்குப் பதில் சொல்வார்கள். நம் பெண்கள் நடவுப் பாட்டில் ஒரே அடியைத் திருப்பிப் பாடி, அதற்குள் அடுத்த அடியை யோசித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

ஜான் ஹர்ட் சிறு வயதிலேயே தானாகக் கிதார் கற்றவர். கட்டை விரலால் கீழ்க் கம்பிகளில் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே, மற்ற விரல்களால் பாட்டின் மெட்டை வாசிப்பார். கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும். கத்திப் பாட மாட்டார். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடுவார். கொஞ்ச காலம் ரயில் பாதை வேலைக்குப் போனார். அங்கே கூட வேலை செய்தவரிடம் ஒரு பாட்டுக் கற்றுக்கொண்டார். பாதையில் ஆணி அடிக்கும் தொழிலாளி ஒருவன், இந்தச் சுத்தியல் எனக்கு முன்னால் ஒருவனைக் கொன்றது, என்னைக் கொல்ல விடமாட்டேன் என்று அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்படுகிற பாட்டு. வேலை நிறுத்தத்தைப் பற்றி அதைவிட அமைதியாகப் பாட முடியாது.

பக்கத்து ஊர்ப் பிடில்காரர் ஒருவர் சொல்ல, 'ஓகே' என்ற பெயருள்ள இசைத்தட்டுக் கம்பெனி அவரை அழைத்தது. 1928 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரத்திலும், டிசம்பரில் நியூயார்க்கிலும் பதிவு செய்தார்கள். சில தட்டுகள் வந்தன. பெரிதாக விற்கவில்லை. 1929-இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. கம்பெனி அவரை மறந்தது. அவர் அவலானுக்குத் திரும்பி, பழையபடி வயல் வேலையும் மாடு மேய்ப்பதும் பார்த்தார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை தோழர்களே, முப்பத்தைந்து வருஷம்.

பிறகு எப்படி வெளியே வந்தார்? 1952-இல் பழைய இசைத்தட்டுகளைத் தொகுத்து ஹாரி ஸ்மித் என்பவர் ஒரு வரிசை வெளியிட்டார். அதில் ஜான் ஹர்ட்டின் இரண்டு பாட்டுகள் இருந்தன. இளைஞர்கள் கேட்டார்கள், யார் இவர் என்று தேடினார்கள். ஆள் செத்துப் போயிருப்பார் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் நியூயார்க்கில் பதிவு செய்த ஒரு பாட்டில், தன் ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். ஊர் ஏக்கத்தில் பாடிய பாட்டு. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, புதிய வரைபடத்தில் இல்லாத அந்த ஊரை ஒரு பழைய வரைபடப் புத்தகத்தில் கண்டுபிடித்து, டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் 1963-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். வாசலில் வெள்ளைக்காரன் நிற்பதைக் கண்ட கிழவர், போலீஸ் வந்துவிட்டதென்று முதலில் பயந்தார். பயம் நியாயம்தானே? ஏழையின் வாசலுக்கு வேறு யார் வருவார்கள்? அதே 1963-இல் நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார். மூன்று வருஷம் மரியாதையோடு வாழ்ந்து, 1966-இல் இறந்தார்.

பாட்டுக்குள் தன் ஊர்ப் பெயரை வைத்ததால் ஒரு மனிதன் திரும்பக் கிடைத்தான். இதை மறக்காதீர்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் கறுப்புப் பாடகர்கள் பெரும்பாலோர்க்குக் கம்பெனி கொடுத்தது ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்ற ஒரே தொகை. தட்டு பத்து விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் பாடினவனுக்கு அவ்வளவுதான். ராபர்ட் ஜான்சன் என்று இன்னொருவர் இருந்தார். 1936-லும் 1937-லும் இருபத்தொன்பது பாட்டுகள் பதிவு செய்துவிட்டு, 1938-இல் இருபத்தேழு வயதில் செத்துப் போனார். அந்தப் பாட்டுகளைச் சேர்த்து 1990-இல் வெளியிட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பாடினவன் கண்டது ஒரு பங்கும் இல்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1957-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டெழுதியவருக்கு இடம் இருந்தது, இசையமைத்தவருக்கு இடம் இருந்தது. பாடினவனுக்கு இடமே இல்லை. தொண்டை அவனுடையது, மூச்சு அவனுடையது, உரிமை மட்டும் அவனுடையது இல்லை. 1977-இல் சினிமாப் பாட்டு உரிமை பற்றிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தயாரிப்பாளர்கள் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் அந்த நீதிபதிகளில் ஒருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-இல் கேரள மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர். கடைசிக் காலத்தைக் கொச்சியில் கழித்து 2014-இல் இங்கேயே மறைந்தவர். அவர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவனின் கலைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இருக்கிறது, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைக்கு மெஹபூப் உயிரோடு இருந்தார்.

நாடாளுமன்றம் கவனித்தது எப்போது? 1994-இல் பாடகர்களுக்கென்று ஓர் உரிமையைச் சட்டத்தில் எழுதினார்கள். பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பாடினவனுக்கும் பங்கு உண்டு என்று 2012-இல் திருத்தினார்கள். கிருஷ்ணய்யர் எழுதி முப்பத்தைந்து வருஷம் கழித்து. மெஹபூப் இறந்து முப்பத்தொரு வருஷம் கழித்து. கூலி உயர்வுக்கு நாம் காத்திருக்கிற காத்திருப்பும் அவர்கள் காத்திருந்த காத்திருப்பும் ஒரே ஜாதிதான் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பாட்டுக்கும் நம் பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட செயலாளருக்கு இதுதான் என் பதில். பாட்டும் உழைப்பு. உழைப்பு என்றால் அதற்குக் கூலி உண்டு, அதற்கு உரியவன் பெயர் உண்டு.

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

வாத்துருத்தி லயங்களில் இருக்கும் தாய்மார்களே, வெளி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பத்தாரே, உங்களிடம் பாட்டு இல்லையா? இருக்கிறது. தாலாட்டு இருக்கிறது, கும்மி இருக்கிறது, துணியைக் கல்லில் அடிக்கும்போது மூச்சுக்கு விடும் சத்தம்கூடத் தாளத்தோடுதான் இருக்கிறது. சாவு வீட்டில் ஒப்பாரி இருக்கிறது. ஒப்பாரியைப் பதிவு செய்வதா, அபசகுனம் என்பீர்கள். நான் அதிலே பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்ல முடியாத குறையை, மாமியாரைப் பற்றி, புருஷனைப் பற்றி, பிறந்த வீட்டைப் பற்றி, முழுவதும் சொல்லி அழ நம் சமூகம் கொடுத்த ஒரே இடம் ஒப்பாரிதான். அது போய்விட்டால் அந்தப் பெண்ணின் சரித்திரமே போய்விடும்.

அன்றைக்கு மெஹபூப் பாயின் கல்யாண வீட்டுப் பாட்டைப் பிடித்து வைக்க யாரிடமும் கருவி இல்லை. கருவி கம்பெனியிடம் இருந்தது. இன்றைக்கு? இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சட்டைப் பையில் அந்தக் கருவி இருக்கிறது. அதில் நாம் என்ன செய்கிறோம்? கம்பெனி அனுப்புகிற பாட்டைக் கேட்கிறோம். நம் பாட்டை அதில் வைப்பதில்லை. இனியும் போனால் கம்பெனியைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

"பன்னிரண்டு மணி நேரம் வேலை, தூங்கவே நேரமில்லை, இதுக்கெல்லாம் ஏது நேரம்?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான் தம்பி. அதனால்தான் இதைத் தனித்தனியாகச் செய்ய முடியாது என்கிறேன். சங்கம் செய்ய வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீடு, ஒரு பெரியவர். அவ்வளவு போதும். வருஷத்துக்குப் பன்னிரண்டு குரல்.

ஆனால் முறையோடு செய்ய வேண்டும். நாமே கம்பெனி மாதிரி நடந்துகொண்டால் என்ன பயன்? ஆகவே நான்கு விதிகளை முன்மொழிகிறேன்.

முதலாவது, பாடுகிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். சங்கத்துக்கு வெளியே அனுப்புவதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு பாட்டியம்மாள் அழுத அழுகை முன்பின் தெரியாதவன் கைப்பேசியில் வேடிக்கையாக ஓடக்கூடாது.

இரண்டாவது, பாட்டுக்கு முன்னால் அவர் தன் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவலானை மறக்காதீர்கள் என்றேனே, அது இதற்காகத்தான். ஊர்ப் பெயர் இல்லாத பாட்டு அநாதைப் பிணம்.

மூன்றாவது, பதிவு செய்ததை முதலில் பாடினவருக்கே போட்டுக் காட்ட வேண்டும், அவர் குடும்பத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும். இதற்கும் ஒரு கதை உண்டு. 1941-இல் மிசிசிப்பியில் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பு இளைஞரின் பாட்டை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். செய்ததை அங்கேயே போட்டுக் காட்டினார். தன் குரலைத் தானே கேட்ட அந்த இளைஞருக்கு, என்னாலும் முடியும் என்ற தைரியம் வந்தது. 1943-இல் ரயிலேறிச் சிகாகோவுக்குப் போனார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் பாட்டு. 1910 முதல் 1970 வரை தெற்கிலிருந்து இப்படிப் பிழைக்கப் போன கறுப்பு ஜனங்கள் சுமார் அறுபது லட்சம். அந்த ஜனங்களின் பாட்டை மின்சாரக் கிதாரில் வாசித்து உலகம் முழுக்கக் கேட்க வைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அந்த டிராக்டர்காரர். தன் குரலைத் தான் கேட்பதில் அவ்வளவு இருக்கிறது.

நான்காவது, நம் ஆண்டு விழாவில் பாடுகிற நம் ஆட்களுக்குச் சங்கம் கூலி கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுக்கிறோம். நம் ஆள் பாடினால் ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பிவிடுகிறோம். மெஹபூப் பாய்க்கு இந்த ஊர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். இன்றைக்கு அவர் பெயரால் விழா நடக்கிறது, சந்தோஷம். இருக்கும்போது கொடுத்திருக்க வேண்டியது வேறு.

இந்த நான்கையும் அடுத்த நிர்வாகக் குழுவில் தீர்மானமாக வைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் குரலுக்கு நானே ஏற்பாடு செய்துவிட்டேன். என் பெரியம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. அப்பாவின் கைவண்டிப் பாட்டில் பதில் அடி பாடிய நாலு பேரில் ஒருவருடைய மனைவி. சென்ற ஞாயிறு பேத்தியை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "எனக்கு என்னய்யா தெரியும், நான் என்ன பாடகியா?" என்றார். பேத்தி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறிப்போனது. பிறகு பெரியம்மா தானாகவே, வண்டி ஏற்றத்தில் ஏறுகிற வேகத்தில், தொடையில் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார். எனக்கு வராத மூன்றாவது அடி அவரிடம் இருந்தது. நான்காவதும் இருந்தது. அதில் சங்கரன்கோவிலும் இருந்தது.

முழுப் பாட்டும் இல்லை, தோழர்களே. பாதிதான். மீதியைத் தெரிந்தவர் உங்களில் யாராவது இருக்கலாம். பழைய பாலத்தில் கைவண்டி தள்ளிய யாருடைய வீட்டிலாவது அது இருக்கலாம். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில்தான் நிற்பேன். வந்து சொல்லுங்கள்.